காவலில் வைத்த இரும்பு

போர்கள் முடிந்த பின்னர் அவற்றில் பயன்பட்ட துப்பாக்கிகள் எங்கே செல்கின்றன? வீரர்களுள் எஞ்சியோர் வீடு திரும்புகின்றார்கள். இறந்தோர் கல்லறைகளில் துயில்கின்றார்கள். உடன்படிக்கைகள் ஆவணக் காப்பகங்களில் அடங்கிவிடுகின்றன. ஆனால் இலட்சக்கணக்கில் செய்து குவித்த அந்த இரும்பும் மரமும் என்ன ஆகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

எண்ணிக்கையைக் கேட்டால் வியப்பு மேலிடும். லீ-என்ஃபீல்டு என்னும் பிரித்தானிய ரைபிள் 1895இல் படையில் சேர்ந்தது. பல மாற்றங்களுடன் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 1 கோடியே 70 இலட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. ருசிய நாட்டின் மோசின்-நாகாந்து 1891இல் தோன்றியது. அது ஏறத்தாழ 3 கோடியே 70 இலட்சம். நல்ல ரைபிள் ஒன்று மனிதனைவிட நெடுநாள் வாழும். அதைத் தாங்கியவன் மண்ணோடு மண்ணான பின்னும் அதன் குழல் நேராகவே இருக்கும்.

ஆகவே அரசுகள் இவற்றுள் சிலவற்றை உருக்குகின்றன. சிலவற்றை ஏழை நாடுகளுக்கு அனுப்புகின்றன. சிலவற்றைத் தடித்த கிரீசில் தோய்த்துப் பெட்டிகளில் அடுக்கி, அடுத்த போருக்கென ஐம்பது ஆண்டுகள் காத்து வைக்கின்றன. அந்தப் போர் வராதபோது அவை 'உபரி' என்னும் பெயரோடு சந்தைக்கு வருகின்றன. பிரித்தானிய அரசின் உடைமைகளில் அகன்ற அம்பு ஒன்றின் குறி பொறிக்கப்பட்டிருக்கும். பொருள் அரசின் கையை விட்டு விற்பனைக்குப் போகும்போது, முதல் அம்பின் முனையை நோக்கி இரண்டாம் அம்பு ஒன்றையும் பொறிப்பார்கள். முனையும் முனையும் சந்திக்கும் அந்த இரண்டு அம்புகளுக்குப் பொருள் இதுதான்: இது இனி எங்களுடையது அன்று. அப்படியானால் இது யாருடையது? இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஈரி ஏரிக்கரையில்

2014ஆம் ஆண்டு முதல் ஐந்து ஆண்டுகள், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பங்குப் பணியாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஜெர்மானிய, போலந்து வழிவந்த உழைப்பாளி மக்கள் நிறைந்த பங்கு. அவர்களிடையே துப்பாக்கி என்பது நம் ஊரில் மண்வெட்டியைப் போல வீட்டுப் பொருள்களுள் ஒன்று. அதே ஏரிக்கரையிலுள்ள கேம்ப் பெரி என்னுமிடத்தில் 1907 முதல் தேசிய அளவிலான ரைபிள் போட்டிகள் நடந்து வருகின்றன. குடிமக்களுக்குக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி தருவதற்காக அமெரிக்கப் பாராளுமன்றம் 1903இல் ஒரு வாரியத்தை அமைத்தது. 1996இல் அது தனி நிறுவனமாக மாற்றப்பட்டது. படை கழித்த எம்-1 கராண்டு ரைபிள்களைத் தகுதியுள்ள குடிமக்களுக்கு விற்பது அதன் பணிகளுள் ஒன்று.

உபரித் துப்பாக்கிகளுக்கு அந்நாட்டில் இருண்ட வரலாறும் உண்டு. 1963 நவம்பர் 22ஆம் நாள் டல்லஸ் நகரில் அதிபர் ஜான் கென்னடியின் உயிரைப் பறித்தது, இத்தாலியப் படை கழித்த கார்கானோ ரைபிள்தான். கொலையாளி அதை அஞ்சல் வழியாகச் சிகாகோ கடை ஒன்றிலிருந்து, தொலைநோக்கியோடு சேர்த்து, ஏறத்தாழ 20 டாலருக்கு வாங்கியிருந்தான். அந்நாட்டின் முதல் கத்தோலிக்க அதிபரின் உயிருக்கு அவ்வளவே விலை. அதன் எதிரொலியாக 1968இல் வந்த சட்டம் அஞ்சல் வழித் துப்பாக்கி விற்பனையைத் தடுத்தது. அயல்நாட்டு உபரிப் படைக்கலங்களின் இறக்குமதியையும் நிறுத்தியது. 1980களின் நடுவில் பழம்பொருள் என்னும் வகையில் வருபவற்றுக்கு மட்டும் கதவு மீண்டும் திறந்தது. ஐம்பது ஆண்டு கடந்த துப்பாக்கி அங்கே பழம்பொருள். அதன்பின் மோசின்-நாகாந்துகள் கப்பல் கப்பலாக வந்திறங்கி, நெடுங்காலம் நூறு டாலருக்கும் குறைந்த விலைக்கு விற்றன.

என் பங்கில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தின் முன் நாற்பது ஆண்டுகள் நின்று உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஒருநாள் என் கையைப் பற்றிக்கொண்டு, "ஃபாதர், உங்கள் நாட்டுச் சரக்கு ஒன்று என் வீட்டு நிலவறையில் இருக்கிறது. வந்து பாருங்கள்" என்றார். மசாலாப் பெட்டியோ பித்தளை விளக்கோ என்று எண்ணிச் சென்றேன். இரும்பு அலமாரியைத் திறந்து அவர் என் கையில் கொடுத்தது ஒரு ரைபிள். அதன் எஃகுக் கழுத்தில் 'ஆர்.எஃப்.ஐ.' என்னும் மூன்று எழுத்துகளும் 1967 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்தன. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை.

மேற்கு வங்கத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில், பாரக்பூருக்கு அருகிலுள்ளது இஷாப்பூர். 1904இல் அங்கே ரைபிள் தொழிற்சாலை தொடங்கிற்று. நம் தலைமுறையினர் சிறு வயதில் மாவட்டக் கருவூல வாசலில் நின்ற காவலரின் தோளில் கண்ட 'த்ரீ நாட் த்ரீ' ரைபிளை நாட்டுக்குச் செய்து தந்த இடம் அது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், பழைய வடிவத்தையே வலிமை மிக்க எஃகில் அமைத்து, 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப ஒரு புதிய ரைபிளை அத்தொழிலாளர்கள் உருவாக்கினார்கள். அதுவே என் கையில் இருந்தது. முன்பக்க மரத்தின் குறுக்கே ஒரு திருகாணி ஊடுருவிச் சென்றது. மரம் பிளந்துவிடாமல் இருக்க நம்மவர்கள் சேர்த்த உறுதி அது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அதை 'இஷாப்பூர் திருகு' என்றே அழைக்கின்றார்கள். பெயர் அறியாத ஒரு வங்கத் தொழிலாளியின் கைத்திறம், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கடைசல்காரரின் மதிப்பைப் பெற்றிருந்தது. "இந்தத் திருகைப் போட்டவன் மரத்தை அறிந்தவன்" என்றார் பெரியவர்.

நம் நாட்டில் இதையொத்த .303 ரைபிளைப் பொதுமக்கள் வைத்திருக்க முடியாது. தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது அது. காவல்துறையினரும் அதைக் கைவிட்டு வருகின்றனர். உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு அதற்கு விடை கொடுத்தது.

பெரியவரிடம் மேலும் மூன்று ரைபிள்கள் இருந்தன: ஒரு கராண்டு, ஒரு மோசின்-நாகாந்து, 1931ஆம் ஆண்டு வடிவத்தைச் சேர்ந்த ஒரு சுவிட்சர்லாந்து ரைபிள். கடைசியாகச் சொன்னதன் அடிக்கட்டையிலுள்ள இரும்புத் தகட்டைக் கழற்றி, உள்ளே செருகியிருந்த சிறு அட்டை ஒன்றைக் காட்டினார். அதில் ஒரு வீரரின் பெயரும் படைப்பிரிவும் ஊரும் இருந்தன. சுவிஸ் வீரர்கள் தம் ரைபிளை அடையாளம் காண இவ்வாறு சீட்டு வைப்பது வழக்கமாம். அட்டையை இருந்த இடத்திலேயே வைத்துத் திருகை முடுக்கினார். "இது அவருடையது. நான் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்" என்றார். உடைமையைப் பற்றி நான் கேட்ட சொற்களுள் மறக்க இயலாதவை இவை.

சுடுகளத்தில் கற்றது

ஒரு சனிக்கிழமை அவரோடு சுடுகளத்துக்குச் சென்றேன். குரு ஒருவர் துப்பாக்கி ஏந்தலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், அச்சத்துக்கு நியாயமான காரணம் இருந்தாலன்றிக் குருக்கள் படைக்கலம் தாங்கலாகாது என்றது, வேட்டையையும் கட்டுப்படுத்தியது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் இராணுவப் பணி குருத்துவ நிலைக்குப் பொருந்தாது என்கின்றது. காகித இலக்கை நோக்கிச் சுடுவதைப் பற்றி இரண்டும் பேசவில்லை. எனினும் நான் சட்ட நுணுக்கம் தேடிச் செல்லவில்லை. என் மக்கள் நேசிக்கும் ஒன்றை அறியாமல் அவர்களுக்கு அதைப் பற்றி அறிவுரை சொல்லலாகாது என்பதற்காகவே சென்றேன்.

சுடுவதற்கு முன்னரே பாதிப் பொழுது கழிந்தது. பழைய ரைபிளை வாங்கியவன் நேரே தோட்டாவை இட்டுச் சுடலாகாது. போல்ட் என்பது தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பின்புறத்தைப் பூட்டும் எஃகுத் தண்டு. அதன் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே உள்ள இடைவெளி தேய்மானத்தால் கூடியிருந்தால், தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுபவனின் முகத்தில் பாயும். ஆகவே அளவுகோல் கொண்டு அதைச் சோதிக்க வேண்டும். போல்ட்டின் எண்ணும் ரைபிளின் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பயிற்சி அணிவகுப்புக்கு மட்டுமே என்னும் பொருளில் 'டி.பி.' எனப் பொறித்தவற்றை ஒருபோதும் சுடலாகாது. களத்தில் மேற்பார்வையாளர் நிறுத்தச் சொன்ன கணமே எல்லாரும் போல்ட்டைத் திறந்து, துப்பாக்கியைக் கீழே வைத்து, பின்னால் விலகி நிற்க வேண்டும். இறைவழிபாட்டில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் எப்போதும் கண்டதில்லை.

பிறகு நூறு கெஜத்தில் இருந்த காகிதத்தை நோக்கி இஷாப்பூர் ரைபிளால் ஐந்து முறை சுட்டேன். பெரியவர் கற்பித்த முதற்பாடம் கண்ணைப் பற்றியது. பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் ஒரே வேளையில் தெளிவாகக் காண மனிதக் கண்ணால் இயலாது. முன்குறியை மட்டுமே தெளிவாகக் காண வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். இரண்டாம் பாடம் மூச்சு. பாதி மூச்சை வெளிவிட்டு, நிறுத்தி, விசையை இழுக்காமல் மெல்ல அழுத்த வேண்டும். மூன்றாம் பாடம் தோள். நன்றாக அணைத்துப் பிடிக்காவிடில் அடிக்கட்டை இரக்கமின்றி இடிக்கும். ஐந்தில் மூன்று காகிதத்தில் பட்டன. நான் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. உடலும் உள்ளமும் ஒரு புள்ளியில் ஒன்றும்போது மனிதனுக்கு இன்பம் பிறக்கின்றது. வயலின் வாசிப்பவனுக்கும் எழுத்தாணி பிடித்தவனுக்கும் வாய்ப்பது அதே இன்பம்தான். கருவி எதற்காகப் பிறந்தது என்பதை அந்த இன்பம் நம்மிடம் சொல்வதில்லை. அதனாலேயே நாம் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

வீடு திரும்பியதும் பெரியவர் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். அன்று அவர் மோசின்-நாகாந்திலும் சுட்டிருந்தார். அதற்கு இட்டவை பழைய சோவியத் தோட்டாக்கள். அவற்றின் தீப்பொறி மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு உண்டு. அது எரிந்த பின் குழலுக்குள் ஒருவகை உப்பாகப் படிகின்றது. காற்றின் ஈரத்தை அந்த உப்பு இழுத்துக்கொண்டு சில நாள்களிலேயே எஃகைத் துருவாக்கிவிடும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிநீரே கரைக்கும். கெண்டியிலிருந்து குழலுக்குள் நீரை ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் பூசினார். "முதலில் எண்ணெய் போட்டால் பளபளக்கும். உள்ளே அழுகும்" என்றார். அடுத்த தவக்காலத் தியானத்தில் இச்செய்தியை நான் பயன்படுத்திக்கொண்டேன். யாரிடம் கேட்டது என்று பங்கு மக்கள் அனைவருக்கும் தெரிந்திருந்தது.

முப்பத்துமூன்று முறை

அன்றிரவு உணவின்போது அவருடைய லீ-என்ஃபீல்டு ஆர்வத்துக்கு நான் ஒரு வரலாற்றைச் சேர்த்தேன். 1919 ஏப்ரல் 13ஆம் நாள், அமிர்தசரசின் ஜாலியன்வாலாபாக்கில், சுவர் சூழ்ந்த திடலில் கூடியிருந்த மக்கள்மீது ஜெனரல் டயரின் ஆணைப்படி ஐம்பது வீரர்கள் சுட்டார்கள். அவர்கள் கையில் இருந்தவை .303 லீ-என்ஃபீல்டுகள். பின்னர் நடந்த ஹண்டர் விசாரணைக் குழு பதிவு செய்த கணக்கு 1,650 தோட்டாக்கள். அரசு ஒப்புக்கொண்ட சாவு 379. மக்கள் சொன்ன கணக்கோ அதைவிட மிகப் பெரிது.

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. வாழ்நாளெல்லாம் எண்களோடு பழகியவர் அவர், மனத்துக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். "ஆளுக்கு முப்பத்துமூன்று" என்றார். "தோட்டாப் பெட்டியில் பத்துதான் கொள்ளும். மூன்று முறை நிறுத்தி மீண்டும் நிரப்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கியிருக்க வேண்டும். முப்பத்துமூன்று முறை, ஃபாதர். இந்தத் துப்பாக்கி தானாக எதுவும் செய்யாது. நானும் அதைத்தான் இதன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்."

குருமடத்தில் நாங்கள் பயின்ற ஒழுக்க இறையியலின் வாசலில் ஒரு பாகுபாடு நின்றது. புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்தது அது. அறிந்து, விரும்பி ஒருவன் செய்வது மனிதச் செயல். உறக்கத்தில் புரள்வதும் அனிச்சையாகக் கன்னத்தைச் சொறிவதும் மனிதனிடம் நிகழும் செயல்களே தவிர, மனிதச் செயல்கள் அல்ல. நன்மை தீமை என்னும் தீர்ப்பு முதலாவதற்கு மட்டுமே உரியது. தேர்வுக்காக இதை மனப்பாடம் செய்தபோது இது வெறும் சொல்லாகவே இருந்தது. ஒரு கடைசல்காரர் சமையலறை மேசையில் கையை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டியபோதுதான் அதற்கு எடை வந்தது. அந்தப் போல்ட்டின் நான்கு அசைவுகளே விருப்பம் வந்து குடியேறும் இடம். அங்கே ஒவ்வொரு குண்டுக்கும் ஒருவன் மறுபடியும் இசைவு தர வேண்டியிருந்தது. ஆணை என்னும் சொல் அந்த இசைவை எளிதாக்கியது. ஆனால் இல்லாமல் ஆக்கவில்லை.

அதற்குப் பின்னும் அவர் தம் ரைபிளை விற்கவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அலமாரியின் உள்கதவில் சிறிய தாள் ஒன்று ஒட்டப்பட்டது. அதில் எழுதியிருந்தவை இரண்டே எண்கள்: 1,650, 33. காண வந்தவர்கள் கேட்டால் அவர் விளக்கம் சொன்னார்.

பனிக்காலம்

அதன் அடுத்த ஆண்டு நவம்பரில் அவருடைய மனைவி இறந்தார். ஐம்பத்திரண்டு ஆண்டு இல்லறம். ஏரிக்கரையின் பனிக்காலம் கொடியது. மாலை ஐந்து மணிக்கே இருள் இறங்கும். ஏரியின் ஈரமெல்லாம் பனியாகி வாசலை மூடும். பெரியவர் வார நாள் திருப்பலிக்கு வருவதை நிறுத்தினார். பின்னர் ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய இருக்கை காலியாகக் கிடந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கிச் சாவு என்றதும் நமக்குக் கொலையே நினைவுக்கு வருகின்றது. 2021ஆம் ஆண்டில் அங்கே துப்பாக்கியால் இறந்தோர் 48,830 பேர். அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். தனிமையில் வாடும் முதியவர்களுக்கு இந்த இடர் மிகுதி. அங்குள்ள மூத்த குருக்கள் எனக்கு இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். மனைவியை இழந்த முதியவர் வீட்டுக்குப் போனால் துப்பாக்கியைப் பற்றிக் கேட்கத் தயங்காதே என்பது அவர்கள் தந்த அறிவுரை.

சென்றேன். சமையலறையில் கழுவாத கோப்பைகள் அடுக்கியிருந்தன. இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. அவர் பேத்தியின் இசைவோடுதான் எழுதுகின்றேன். "வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது, ஃபாதர்" என்றார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "உயிரை முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறதா?" இவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் அஞ்சுகின்றார்கள். அது விதைப்பதில்லை, மாறாக, அடைத்துக் கிடக்கும் கதவைத் திறக்கின்றது என்பதே இத்துறை அறிந்தோர் கூறுவது. அவர் மேசையைப் பார்த்தபடியே இருந்தார். "சில இரவுகளில்" என்றார்.

ரைபிள்களை எங்கேனும் கொண்டுபோய்விடலாமா என்று கேட்கவே எனக்கு வாயெழவில்லை. மனைவி போன பின், அவருக்கென்று எஞ்சியிருந்தவை அவை. அவரே எழுந்தார். நிலவறைப் படிகளில் இறங்கும் ஓசை கேட்டது. எனக்கு அந்தச் சில நிமிடங்கள் மிக நீண்டவை. பின்தொடர்ந்து எழுந்தேன். அதற்குள் அவர் மேலே வந்துவிட்டார். பழைய துண்டு ஒன்றில் சுற்றி எதையோ ஏந்தியிருந்தார். மேசையில் வைத்துப் பிரித்தார். இஷாப்பூரின் போல்ட், மோசினின் போல்ட், சுவிஸ் ரைபிளின் போல்ட். கராண்டு வேறு வகையானது. அதன் விசைத் தொகுதியைக் கழற்றி எடுத்து வந்திருந்தார்.

"இவை இல்லாவிட்டால் கீழே இருப்பவை வெறும் குழாய்கள்தாம்" என்றார். "நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஃபாதர். நான் கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்."

படைக்கலக் கொட்டில்களில் ரைபிளை ஓரிடத்திலும் போல்ட்டை வேறிடத்திலும் பூட்டுவது பழைய வழக்கம். திருடனுக்கு அஞ்சி ஏற்பட்டது அது. பெரியவர் அதைத் தமக்கு எதிராகவே பயன்படுத்தினார், தம்மைக் காத்துக்கொள்வதற்காக. அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் எண் பொறித்த நடுச்சட்டமே துப்பாக்கி. போல்ட் வெறும் உதிரிப்பாகம். ஆகவே எனக்கு உரிமமோ பதிவோ தேவைப்படவில்லை. பங்கு இல்லத்தில் பிஸ்கட் தகர டப்பா ஒன்றில் அவற்றை இட்டு, திருமுழுக்குப் பதிவேடுகள் இருந்த இரும்புப் பெட்டியில் பூட்டினேன்.

இரும்பை வாங்கியதோடு பணி முடியவில்லை. மருத்துவரைக் காண அவர் இசைந்தார். செவிலியாகப் பணிபுரிந்த பேத்தி வாரம் மூன்று நாள் வந்து தங்கினாள். பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் முறை வைத்து அவருக்கு இரவு உணவு கொண்டு சென்றார்கள், உண்ணும்வரை உடனிருந்தார்கள். ஆனால் அந்தப் பனிக்காலத்தின் மிகக் கொடிய மணித்துளிகள் இரவு இரண்டு மணிக்கு வந்தன என்று அவர் பின்னர் சொன்னார். அந்த நேரத்தில் மருத்துவரும் இல்லை, பேத்தியும் இல்லை, நானும் இல்லை. போல்ட் இல்லாத ரைபிள்கள் மட்டும் இருந்தன. "அந்த நேரம் கடந்துவிடும் என்று எனக்குத் தெரியாது, ஃபாதர். கடந்துவிட்டது" என்றார்.

நம் வீட்டு அலமாரி

நம் வாசகர் எவர் வீட்டிலும் ரைபிள் இல்லை. ஆயினும் இச்செய்தி நமக்கு அயலானது அன்று. தாயகம் திரும்பி நான் பொறுப்பேற்ற பங்கு வேளாண் குடிகள் நிறைந்தது. இங்கே கூரையின் இறவாணத்தில் செருகிய பூச்சிமருந்துப் புட்டிதான் அந்த ரைபிள். 1990களின் நடுவில், உலகில் தற்கொலை மிக மிகுதியாக இருந்த நாடுகளுள் ஒன்று இலங்கை. 1995இலும் 1998இலும் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு தடை செய்தது. பத்தாண்டுகளில் தற்கொலை பாதியாகக் குறைந்தது. மக்களின் துயரம் பாதியாகக் குறைந்துவிடவில்லை. நஞ்சு கைக்கெட்டாத தொலைவுக்குப் போயிற்று. நம் கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை 'ஸ்நேகா' அமைப்பினர், ஊராரின் பூச்சிமருந்துகளைப் பொதுக் கட்டடத்தில் தனித்தனிப் பெட்டிகளில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்துப் பயன் கண்டார்கள். மருந்து வேண்டிய உழவர் அங்கே சென்று எடுத்து, எஞ்சியதை மீண்டும் அங்கேயே வைக்கலாம். பிஸ்கட் டப்பாவில் நான் கண்டதும் இதுவேயன்றோ?

நமக்குரியதை முழுவதும் நம் கையிலேயே வைத்துக்கொள்வதுதான் உடைமை என்று எண்ணுகின்றோம். ஆபத்தான பொருளைப் பொறுத்தவரை, அதன் ஒரு பகுதியை நம்பத்தக்க இன்னொருவர் கையில் ஒப்படைக்கத் தெரிந்தவனே அதற்கு உண்மையான உரிமையாளன். அவ்வாறு கேட்டு வாங்கத் துணிகின்றவனே உண்மையான அயலான். ஒருவனுடைய பலவீனத்தை அவனோடு சேர்ந்து காவல் காப்பது அவனை இழிவுபடுத்துவது ஆகாது.

ஏப்ரலில் ஏரியின் பனி உருகிற்று. ஒரு சனிக்கிழமை காலை பெரியவர் பங்கு இல்லத்தின் மணியை அடித்தார். சவரம் செய்திருந்தார். "இஷாப்பூரின் போல்ட் மட்டும் வேண்டும். பேத்திக்குச் சுடக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்" என்றார். அவர் சொல்லியிருந்தபடியே முகத்தைப் பார்த்தேன். அவள் காரில் காத்திருந்தாள். கொடுத்தேன். மறுநாள் திருப்பலிக்கு முன், துடைத்து எண்ணெயிட்ட போல்ட்டைத் துண்டில் சுற்றி, திருவுடை அறையில் என் கையில் கொடுத்துவிட்டுத் தம் இருக்கைக்குச் சென்றார். நான் அந்தப் பங்கை விட்டு வரும்வரை இது தொடர்ந்தது. புறப்படும் வாரத்தில், அவர் விருப்பப்படி, டப்பாவைப் பேத்தியிடம் ஒப்படைத்தேன். ஈராண்டுகளுக்குப் பின் பெரியவர் மருத்துவமனையில், இதய நோயால், பேத்தியின் கையைப் பற்றியபடி இறந்தார் என்று செய்தி வந்தது.